இரண்டு தொன்னும் ஓர் அந்தரும்

கண்டி வீதியிலிருந்து கப்பல்துறைக்குள் இறங்கி நடந்தேன். தோட்டத்துக்கு முன்பே எருக் குவியல்தான் கண்ணில் பட்டது. நெஞ்சளவு உயரம், மேலே கிடுகு, நடுவில் குத்தி நின்ற இரும்புக் கம்பி. தோட்டக்கார அக்கா கம்பியை உருவி நீட்டினார். தொட்ட கையை உடனே எடுத்தேன். “சுட்டாத்தான் தம்பி உள்ளுக்கு வேலை நடக்குது.” ஒழுங்காக அடுக்கிய குவியலின் நடுவில் வெப்பம் 60 பாகை வரை ஏறும். களை விதை பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும்.

அன்று குவியல் புரட்டும் நாள். இரண்டு பேர் முள்ளால் கிளறி, வெளியில் கிடந்ததை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் மூன்று நான்கு தடவை இதைச் செய்ய வேண்டும். நானும் முள்ளை வாங்கிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வைக்கல் தம்பலகாமத்து வயலிலிருந்து வருகிறது. அதை அப்படியே மண்ணில் தாட்டால், உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய நைதரசனையும் சேர்த்துத் தின்னும். கத்தரி மஞ்சளித்து நிற்கும். அதற்காகத்தான் மாட்டெருவும் கிளிசிரிடியாக் குழையும். குழை கிடைக்காத மாதத்தில் அக்கா கொஞ்சம் யூரியாவைக் கரைத்து அடுக்குக்கு அடுக்குத் தெளிக்கிறார். எருவுக்குள் யூரியாவா என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

“2021இலயும் இப்பிடித்தான் முழிச்சவை” என்றார். அந்த மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கியது. நடுவில், சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த கப்பல் கிருமிச் சந்தேகத்தில் இறக்க அனுமதியின்றி நின்றது. “எங்கட செடி நிண்டது தம்பி. காய்தான் பிடிக்கல்ல.”

கணக்கு எளிது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவில் ஏறத்தாழ 1 பங்கு. ஓர் அந்தர் யூரியாவில் 23 கிலோ இருக்கிறது. அதே 23 கிலோவுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் எரு சுமக்க வேண்டும். அதிலும் முதல் போகத்தில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும். தடையைப் பற்றிய வாதங்களில் இந்த முதுகுகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அதற்காக யூரியாவை மட்டும் நம்பினால், மார்கழி மழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். எரு ஊறிய மண்தான் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் 1843 முதல் ஒரே வயலில் நடக்கும் சோதனையிலும், இன்றைய கோதுமை ரகங்கள் தொழுவெருவோடு நைதரசன் உரமும் பெற்ற துண்டுகளில்தான் கூடுதலாக விளைகின்றன.

பொழுது சாய, மீன்டின் மூடியால் யூரியா அளந்தார்கள். செடியின் அடியிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, ஈரமண்ணால் மூடினார்கள். உதவுகிறேன் என்று அடுப்புச் சாம்பலையும் அதில் கலக்கப் போனேன். அக்கா பாய்ந்து தடுத்தார். “ரெண்டும் சேர்ந்தா காசு காத்தில போயிரும்!” உண்மைதான், சாம்பலின் காரத்தில் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

புறப்படும்போது ஒரு சாக்கில் எரு கட்டித் தந்தார். வீதிக்கு வருவதற்குள் இரண்டு தரம் இறக்கி வைத்தேன்.