கறுப்புக் கண்ணாடி

எங்கள் ஊர் பெரியகுளம். வராக நதி ஊரை வடகரை என்றும் தென்கரை என்றும் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. மேற்கே மலை, மலையடிவாரம் எங்கும் மாந்தோப்பு. திண்டுக்கல்லிலிருந்து குமுளி செல்லும் சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தச் சாலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுகிறார். மஞ்சள் நிற எண்பலகை வைத்த பழைய வெள்ளைக் கார் அது. அந்தக் கார்தான் என்னை இக்கல்லூரிக்கு அனுப்பியது.

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் கேட்டபோது, வரலாற்று மாணவனான நான் ஏதாவது ஒரு மன்னரைப் பற்றி எழுதித் தரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டாண்டுகளாக என் நெஞ்சில் ஒரு செய்தி கனத்துக் கிடக்கிறது. அதை எழுதினால் பாரம் குறையும். படிக்கும் நண்பர்களில் ஒருவருக்காவது பயன்படும். ஆகவே மன்னரை விட்டுவிட்டு, கார்க் கண்ணாடியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

2023ஆம் ஆண்டுக் கோடை. நான் பிளஸ் டூ தேர்வு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்குச் சவாரி போய்த் திரும்பும் அப்பாவின் வலக்கை, முழங்கைக்குக் கீழே கறுத்துப்போய் இருக்கும். காரில் ஏறுகிறவர்களும், "என்னண்ணே, கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டக்கூடாதா? வெயில் மூஞ்சியில அடிக்குதே" என்பார்கள். காட்ரோடு வழியாகக் கொடைக்கானல் ஏற வரும் வெளியூர்க்காரர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வேறு காருக்குப் போனதும் உண்டு.

அப்பா அசையவில்லை. "கோர்ட்டு வேண்டாம்னு சொன்னதுடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

நானோ அப்போதுதான் பள்ளியை முடித்தவன். உலகமே என் கைக்குள் இருந்தது. தேனியில் ஒரு கடையில் விசாரித்தேன். "பக்கக் கண்ணாடிக்கு ஐம்பது சதவீதம் வெளிச்சம் போனால் போதும் என்றுதான் சட்டமே சொல்கிறது. நான் தருவது ஐம்பது சதவீதத் தாள்தான். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது" என்றார் கடைக்காரர். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து நாள்தோறும் வாதாடினேன். படித்த பிள்ளை சொல்கிறான் என்று அப்பா இறுதியில் இணங்கினார். பக்கக் கண்ணாடிகளிலும் பின்கண்ணாடியிலும் கறுப்புத்தாள் ஏறியது. கார் புதுமாப்பிள்ளை போல மினுங்கிற்று. நான் பின்னிருக்கையில் அமர்ந்து ஊரைச் சுற்றி வந்தேன். நான் எல்லோரையும் பார்க்கலாம். என்னை யாரும் பார்க்க முடியாது. அந்தப் பெருமையை என்னென்பேன்!

அதே ஆண்டு ஐப்பசி மாதம். தென்கரையில் ஒரு திருமண வீட்டாரை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பொழுது மங்கி, தெரு விளக்கு இன்னும் எரியாத நேரம். குறுகிய சந்து; வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே எடுக்க வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை. "இறங்கிப் பாருடா" என்றார். தரையெல்லாம் சேறு, நான் புதுச்சட்டை போட்டிருந்தேன். இறங்கவில்லை. பின்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியே பார்த்துவிட்டுச் சொன்னேன்: "ஆளில்லப்பா, வாங்க... வாங்க..."

ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. கூடை ஒன்று கவிழ்ந்தது போன்ற சத்தம்.

உண்மையில் கூடைதான் கவிழ்ந்தது. அவித்த கடலை விற்கும் ஒரு மூதாட்டி, கருநீலச் சேலை உடுத்தியவர், சுவரோரமாக நின்றிருக்கிறார். கடலையெல்லாம் சேற்றில் சிதறிக் கிடந்தது. அவருடைய இடது கால் முறிந்துவிட்டது.

அப்பா அவரைக் கைகளில் தூக்கி அதே காரில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். காவல் நிலையத்திலும் தாமே போய் நடந்ததைச் சொன்னார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "ஆளில்லப்பா" என்று சொன்னவன் நான்தான் என்பதை இன்றுவரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இந்த மலரில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. ஒரு வாளியில் வெந்நீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போய்க் காரின் கறுப்புத்தாளை உரிக்கத் தொடங்கினார். எளிதில் வராத தாள் அது. நகத்தால் கிள்ளிக் கிள்ளி, துண்டு துண்டாக எடுத்தார். நான் அருகில் போய் நின்றேன். "போய்ப் படு" என்றார். அவ்வளவுதான். அவர் என்னை அடித்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். முன்பே படித்திருக்க வேண்டியதைப் பின்னால் படிப்பதுதானே நம்மில் பலருடைய வழக்கம்!

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் கீழ் 1989இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் தம்மேல் விழும் வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்துக்குக் குறையாமல் விட வேண்டும். இந்த விதியின் பேரில் கல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா என்பவர் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். கறுப்புத்தாள் ஒட்டிய வண்டிகளுக்குள் குற்றங்கள் நடக்கின்றன என்பது அவருடைய முறையீடு. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், சுவதந்தர் குமார் ஆகியோர் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தார்கள். எத்தனை சதவீதத் தாளாக இருந்தாலும் கண்ணாடியின் மேல் ஒட்டக்கூடாது. 2012 மே 4 முதல் இது நாடெங்கும் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அத்தீர்ப்பு. தொழிற்சாலையிலேயே இலேசாக நிறமேற்றப்பட்ட கண்ணாடி, அந்த 70, 50 என்ற அளவுக்குள் இருந்தால் குற்றமில்லை. அதன்மேல் வேறொன்றை ஒட்டுவதுதான் குற்றம். 'இசட்', 'இசட் பிளஸ்' பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. தாள் விற்பவர்கள் மறுபடி நீதிமன்றத்தை நாடினார்கள். 2012 ஆகஸ்டில் அவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அபராதம் முன்பு 100 ரூபாயாக இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை.

அப்படியானால் கடைக்காரர் சொன்ன ஐம்பது சதவீதக் கணக்கு என்ன ஆயிற்று? இதை இயற்பியல் படிக்கும் என் நண்பனிடம் கேட்டேன். அவன் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினான். தாள் ஒட்டாத கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவதில்லை. நூற்றில் 75 பங்கை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஐம்பது சதவீதத் தாளை ஒட்டினால், அந்த 75இல் பாதிதான் உள்ளே வரும். அதாவது 37½ பங்கு. பக்கக் கண்ணாடிக்குச் சட்டம் கேட்கும் 50 அங்கே இல்லை. பின்கண்ணாடிக்குக் கேட்கும் 70இல் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது. நான் பார்த்துச் சொன்னது அந்தப் பின்கண்ணாடி வழியாகத்தான்! கூட்டல் கணக்கென்று நான் நினைத்தேன்; அது பெருக்கல் கணக்கு.

பட்டப்பகலில் 37 பங்கு வெளிச்சமும் கண்ணுக்குப் போதும். அதனால்தான் பகலில் ஊரைச் சுற்றியபோது எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அந்தி நேரத்தில் வெளியே இருக்கும் வெளிச்சமே கொஞ்சம். அதிலும் பாதிக்கு மேல் தடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? கருநீலச் சேலையும் ஈரச் சுவரும் ஒன்றாகிவிடுகின்றன. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் நுழையும் வெளிச்சமும் குறைகிறது. ஐம்பதைத் தாண்டிய என் தந்தையாரின் கண்களுக்கு நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

வெயிலுக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெயிலில் உடல்நலம் கெடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பம் வேறு, கறுப்பு வேறு. சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் வருகிறது. ஒரு தாள் கறுப்பாக இருப்பதனாலேயே வெப்பத்தை நன்றாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. நாம் வெயிலுக்காக ஒட்டுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். பாதி மறைந்திருக்கும் ஆசைக்காக ஒட்டுகிறோம். நான் அப்படித்தான் ஒட்டினேன்.

பிற நாடுகளிலும் இந்த அளவுகள் உண்டு. பிரிட்டனில் 1985 ஏப்ரல் முதல் புழக்கத்துக்கு வந்த கார்களுக்கு முன்கண்ணாடியில் 75 சதவீதமும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 70 சதவீதமும் வெளிச்சம் போக வேண்டும்; ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கண்ணாடிகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. நம் மக்கள் மிகுதியாக வாழும் சிங்கப்பூரில் முன்னால் 70, பின்னால் 25. ஓட்டுபவன் கண்ணுக்கு எதிரே உள்ள கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் அந்நாடுகளுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

நம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் உண்டு. குமுளியோ, கம்பம்மெட்டோ, போடிமெட்டோ ஏறி இறங்கினால் கேரளம். 100ஆவது விதி திருத்தப்பட்டு, உள்பக்கம் பிளாஸ்டிக் அடுக்கு கொண்ட கண்ணாடியையும் 2021 ஏப்ரல் 1 முதல் அனுமதித்தது. அதைக் கொண்டு கேரள உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில், 70, 50 என்ற அளவுக்குள் இருக்குமானால் தாள் ஒட்டியதற்காக அபராதம் விதிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. செய்தித்தாளில் இதைப் படித்ததும் ஸ்டாண்டில் இருந்த அண்ணன்மார் பலர், "இனிமே ஒட்டலாம்டா" என்று மகிழ்ந்தார்கள். நான் அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினேன். மலைக்கு அந்தப் பக்கத்துத் தீர்ப்பு தாளைப் பற்றித்தான் மாறியது. எண்ணைப் பற்றி மாறவில்லை. ஒட்டிய பிறகு 70ம் 50ம் மிஞ்ச வேண்டும். நாங்கள் ஒட்டிய தாள் மலைக்கு அந்தப் பக்கத்திலும் குற்றம்தான். என் தந்தையார் அன்று ஸ்டாண்டில் ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் நூல்களும் தீர்ப்புகளும் எனக்குச் சொல்லித் தந்தன. ஆனால் எவற்றிலும் இல்லாத ஒரு பாடத்தை அந்த மூதாட்டி சொல்லித் தந்தார்.

கால் கட்டுப்போட்டு அவர் வீட்டுக்கு வந்தபின், அம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியை எடுத்துக்கொண்டு நான் அடிக்கடி போவேன். "அப்பத்தா" என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். ஒருநாள் துணிந்து கேட்டேன்: "வண்டி பின்னால வருதுன்னு தெரிஞ்சும் ஏன் அப்பத்தா ஒதுங்கல?"

அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒதுங்க எங்கய்யா எடம் இருந்துச்சு? கைய ஆட்டுனேன். உள்ள ஒருத்தன் திரும்பி உக்காந்திருக்கிறது மாதிரி நெழலு தெரிஞ்சுச்சு. நம்மளத்தான் பாக்குறான், பாத்துட்டான், நிறுத்திருவான்னு நெனச்சேன். மொகம் தெரிஞ்சிருந்தா, பாக்கலேன்னு கண்டுக்கிட்டுக் கத்தியிருப்பேன்."

அந்த நிழல் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நண்பர்களே, கண்ணாடி இருபுறமும் பார்ப்பதற்கு. உள்ளே இருப்பவன் வெளியே பார்ப்பது பாதி. வெளியே நிற்பவள், அவன் தன்னைப் பார்த்தானா என்று அறிவது மறுபாதி. தெருவில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வேறு காவல் ஏது? ஓட்டுகிறவனின் முகம்தான் காவல். கறுப்புத்தாள் அந்த முகத்தை எடுத்துவிடுகிறது. காரில் இருப்பவன் தன் வெயிலை நினைத்துக் கண்ணாடியை மூடுகிறான். அதன் விலையை வெயிலில் நடக்கிறவள் கொடுக்கிறாள்.

அப்பத்தா இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். மாலையில் அதே சந்தின் முனையில் கடலைக் கூடையுடன் அமர்கிறார். அப்பா அந்த வழியே போகும்போது கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, "என்னாத்தா" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

நான் ஓட்டுநர் உரிமம் எடுத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் அப்பாவுக்கு மாற்றாக ஓட்டுகிறேன். பின்னால் எடுக்க வேண்டுமானால், சேறானாலும் மழையானாலும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அப்பத்தாவிடம் போவேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. நானே படித்துக் காட்ட வேண்டும். அந்த நிழல் யார் என்ற இடத்தையும் விடாமல் படிக்க வேண்டும். அதன்பின் அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.