திரும்பி வந்த எஃப்.சி.

எஃப்.சி. என்றால், அதாவது வண்டியின் தகுதிச் சான்று என்றால், எனக்கு முதலில் வருவது பெயிண்ட் வாசனைதான். நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேலம் ரோடு, திருச்சி ரோடு, பரமத்தி ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பட்டறையில் லாரி ஒன்று பாதி நிறத்தில் நின்றுகொண்டிருக்கும். நிற்பது புது வண்டியா, எஃப்.சி.க்கு வந்த வண்டியா என்று சைக்கிளில் போகிறபோதே மூக்கு சொல்லிவிடும். புது வண்டி என்றால் பெயிண்டோடு மரத்தூள் வாசனையும் சேர்ந்திருக்கும். ஆசாரிகள் பலகை இழைத்துக்கொண்டிருப்பார்கள். எஃப்.சி. வண்டி என்றால் பெயிண்டுக்கு அடியில் டீசலும் பழைய கிரீஸும், அது கடைசியாக இறக்கிய சரக்கின் வாடையும் இருக்கும். வெங்காய வாடையை எந்த பெயிண்டும் அடக்கியதில்லை.

அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு டாட்டா 1210. ஊரில் பத்து, இருபது வண்டி வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு எஃப்.சி. என்பது கணக்குப்பிள்ளை பார்க்கிற வேலை. ஒற்றை லாரி முதலாளிக்கு அது வீட்டு விவகாரம். எஃப்.சி. மாதம் நெருங்கும்போது அம்மா சீட்டைத் தள்ளி எடுக்கப் பார்ப்பாள். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வாடகை வராது. ஃபைனான்ஸ் டியூவோ நிற்காது. அந்த மாதத்தில் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தராமலே தெரிந்த விஷயம்.

வாடகைக்கு ஓடும் வண்டி எதுவாக இருந்தாலும், லாரியோ பஸ்ஸோ வேனோ ஆட்டோவோ, தகுதிச் சான்று இல்லாமல் ரோட்டில் ஏறக் கூடாது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இது இருந்தது. இப்போதைய 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 56-ஆவது பிரிவு. புது வண்டிக்கு முதலில் இரண்டு வருடம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அப்பா காலத்தில் வருடா வருடம் காட்ட வேண்டும். எட்டு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடம் ஒருமுறை என்று 2018-இல்தான் தளர்த்தினார்கள். எங்கள் வண்டி எனக்கு நினைவு தெரிந்த நாளிலேயே எட்டு வயதைத் தாண்டியிருந்தது என்பதால் இந்தத் தளர்வு அப்போது இருந்திருந்தாலும் எங்களுக்குப் பயன்பட்டிருக்காது.

'காட்டுவது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டுவதற்கு ஏற்றபடிதான் தயாரிப்பும் நடக்கும். முதலில் டிங்கர் வேலை, பிறகு பட்டி, பிறகு பெயிண்ட். நம்பரைப் புதிதாக எழுத ஆர்ட்டிஸ்ட் வருவார். முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு வட்டம் போடுவார். கிளீனர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சக்கரத்து நட்டுகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் அடிப்பான். கண்ணாடிக்கு மேலே சாமி பெயர் புதுப்பிக்கப்படும். பட்டறைகளில் எஃப்.சி.க்கென்றே நல்ல டயர் ஜோடி கிடைக்கும். காட்டிவிட்டு வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடலாம். நாள் வாடகை. தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும்கூட அப்படிக் கைமாறிக்கொண்டே இருக்கும். டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது; அந்த ஆழம் சில டயர்களில் ஒரு பகல்பொழுது மட்டும் இருந்தது.

இதில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. சேஸ் நம்பர் எடுப்பது. சேஸில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். கறுப்பின் நடுவே எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். முதலில் அந்த இடத்தில் படிந்திருக்கும் கிரீஸை டீசல் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த கை சாயங்காலம்வரை நாறும். அப்பா அந்தத் தாளை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொள்வார். "நம்ம வண்டின்னு சொல்றதுக்கு இது ஒண்ணுதாங் கண்ணு சாட்சி, மத்ததெல்லாம் மாத்தியாச்சு" என்பார். உண்மைதான். இன்ஜின் இறங்கி ஏறியிருந்தது. பாடி இரண்டாவது பாடி.

ஒரு வருடம் எஃப்.சி. கிடைக்காமல் வண்டி திரும்பி வந்தது.

கோடை விடுமுறை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். எங்கள் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை, பிரேக் இன்ஸ்பெக்டர்தான். அன்றைக்கு இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் மாப்பிள்ளைக் கோலத்தில். எங்கள் வண்டிக்கு வந்தவர் பெயிண்டைப் பார்த்ததாகவே தெரியவில்லை. டிரைவரைக் கீழே இறங்கச் சொன்னார். கேபினில் ஏறி, டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். அதற்கடியில் ஒரு சாக்கு. அதையும் தூக்கினார். தகடு துருப்பிடித்து உதிர்ந்து, கீழே மைதானத்துக் கோரைப்புல் தெரிந்தது. நான் கதவுப்படியில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அதுவரை எத்தனையோ முறை அந்த மேட்டின் மேல் நின்று ஹாரன் அடித்திருக்கிறேன்.

பிறகு வண்டியை ஓட்டிவந்து பிரேக் அடிக்கச் சொன்னார். டிரைவர் அடித்தார். வண்டி கொஞ்சம் வலப்பக்கம் இழுத்து நின்றது. இன்ஸ்பெக்டர் வண்டிக்குப் பின்னால் நடந்துபோய்த் தரையைப் பார்த்தார். சரளை மண்ணில் வலப்பக்கச் சக்கரத்தின் கோடு மட்டும் விழுந்திருந்தது. இடப்பக்கம் ஒன்றுமில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஆட்டச் சொன்னார். கிங் பின் ஆடியது. மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்தார். கோபமாகப் பேசவில்லை. "சரி பண்ணிக் கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற புரோக்கர் ஒருவர் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறு எஃப்.சி.க்கான தயாரிப்பு முதல் தயாரிப்புக்கு நேர் எதிர் என்பதை அந்த வாரத்தில் பார்த்தேன். முதல் முறை வேலை எல்லாம் நின்றபடி நடந்தது. இந்த முறை எல்லோரும் படுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். பெயிண்டர் வரவே இல்லை. மேஸ்திரிதான் ராஜா. அவர் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஹப் சீல் போய், கிரவுன் ஆயில் கசிந்து லைனிங்கில் இறங்கியிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங் பிடிக்காது. மிதிக்கிற மிதியில் மற்ற சக்கரங்கள் நின்றுவிடும், அது மட்டும் உருளும். வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். காலி வண்டியிலேயே இப்படி என்றால், பத்து டன் ஏற்றி தொப்பூர் இறக்கத்தில் என்ன ஆகியிருக்கும் என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அந்த இறக்கத்தில் அதே பிரேக்கோடு இறங்கியவர்.

"ஏனுங்க மேஸ்திரி, லைனிங்கை பெட்ரோல் ஊத்திக் கழுவிட்டா ஆகாதுங்களா?" என்று அப்பா கேட்டார். அவருக்கு டியூ தேதி மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு ஒரு நாளைக்கு ஆகுமுங்க முதலாளி. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால ரெண்டு கோடும் விழும். அப்புறம் மறுபடி எண்ணெய் இறங்கும். நீங்க கழுவச் சொன்னா கழுவிடறேன். வண்டியில டிரைவர் போறாரு, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

அப்பா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியைப் பார்த்தார். புது சீல், புது லைனிங் வந்தது. டிரம்மில் கோடு விழுந்திருந்ததால் லேத்துக்கு அனுப்பிக் கடைந்தார்கள். கிங் பின்னுக்குப் புது புஷ் போட்டு ரீமர் விட்டார்கள். லைனிங் தூளை மேஸ்திரி வாயால் ஊதித் தள்ளுவார். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். அது நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று அந்தப் பட்டறையில் எவருக்கும் யாரும் சொல்லவில்லை. வண்டியின் தகுதியைப் பார்க்க ஒரு அலுவலகம் இருந்தது. மேஸ்திரியின் நெஞ்சைப் பார்க்க ஒன்றுமில்லை.

கேபின் தரையைக் கடைசியாகச் செய்தார்கள். துருவேறிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங். வெட்டியபோதுதான் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது. வெளியே உள்ளங்கை அகலம். உள்ளே சீட்டுக்கு அடிவரை. மழைத்தண்ணீர் கதவு ரப்பர் வழியாக இறங்கி, சாக்கில் ஊறி, காயாமல் வருடக்கணக்கில் இருந்திருக்கிறது. துருவை மறைக்கப் போட்ட சாக்குதான் துருவை வளர்த்தது. புதுத் தகட்டுக்கு ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தார்கள். மேட் போட வேண்டாம், இன்ஸ்பெக்டர் வெறும் தகட்டைப் பார்க்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் நான் பல வருடம் மறந்திருந்தேன். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்துச் சேலையூரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ரோட்டில் விழுந்து இறந்த செய்தியைப் படித்தபோது அந்தக் கோரைப்புல் நினைவுக்கு வந்தது. அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில், பள்ளி திறப்பதற்கு முன்னால், மாவட்டம்தோறும் பள்ளி வாகனங்களை மைதானத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள். வட்டாரப் போக்குவரத்து, காவல், வருவாய், கல்வி என்று எல்லாத் துறையும் வருகிறது. அவசர வழி திறக்கிறதா, படிக்கட்டு உயரம் சரியா, தரைப் பலகை உறுதியா என்று பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் இத்தனை வண்டி நிராகரிப்பு என்று சிறு செய்தி வரும். அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று வரும் மாவட்டத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

இனி கண்ணால் பார்ப்பதே இருக்காது என்கிறார்கள். தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021-இல் அறிவித்தது. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம் என்று சொல்லி, அது 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றினால் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் பலத்தையும் இயந்திரம் தனித்தனியாகச் சொல்லிவிடும். எங்கள் இன்ஸ்பெக்டர் சரளை மண்ணில் குனிந்து படித்ததைத் திரை எண்ணாகக் காட்டும். நல்லதுதான். புரோக்கரின் ஜாடை இயந்திரத்துக்குப் புரியாது. ஆனால் சாக்கைத் தூக்க ஒரு கை வேண்டும். அதற்கு இன்னும் ஆள்தான்.

மறு எஃப்.சி. அன்று அப்பா பூவோ எலுமிச்சம்பழமோ எதுவும் வைக்கவில்லை. வெல்டிங் தழும்பும் ரெட் ஆக்சைடுமாக, பெயிண்ட் அங்கங்கே சுரண்டுபட்டு, வண்டி முதல் முறை இருந்ததைவிட அசிங்கமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் நேராகக் கேபினில் ஏறினார். புதுத் தகட்டின் மேல் குதிகாலால் ஓங்கி மிதித்தார். கீழே இறங்கி பிரேக் பார்த்தார். இரண்டு கோடும் விழுந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது அப்பாவிடம், "லைனிங் மாத்திட்டீங்களா, கழுவுனீங்களா?" என்று கேட்டார். அப்பா பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினார்.

பிள்ளைகளை வேனில் அனுப்புகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், வேன் வாசலில் நிற்கும்போது ஒரு நிமிடம் உள்ளே ஏறுங்கள். டிரைவர் தம்பியிடம் சொல்லிவிட்டு, பின்சீட்டுக்குக் கீழே விரித்திருக்கும் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எஃப்.சி. தேதியை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.