மவுண்ட் ரோட்டில் ஒரு நடை

சென்னையில் மவுண்ட் ரோட்டுக்கு அண்ணா சாலை என்று சர்க்கார் பெயர் சூட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஜனங்களோ இரண்டு பெயர்களையும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தபால் உறையில் அண்ணா சாலை. வாய்ப்பேச்சில் மவுண்ட் ரோடு. சமாசாரம், சரக்கு, வேடிக்கை என்ற மூன்றும் இந்தச் சாலையில் நூறு வருஷங்களுக்கு மேலாக அண்டை வீட்டுக்காரர்களாய்க் குடியிருந்து வருகின்றன. அண்டை வீட்டார் ஒருவர் வேஷ்டியை ஒருவர் இரவல் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டல்லவா? அந்த அழகைக் காண வேண்டுமானால் நடந்துதான் போக வேண்டும். 2019 முதல் சாலைக்கு அடியிலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. சுகமான வண்டிதான்; ஆனால் அதிலிருந்து ஒன்றையும் பார்க்க முடியாது. பிரயாணிகளுக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. எல்லோரும் கைப்பேசியைக் குனிந்து தரிசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தீவுத்திடல் பக்கமிருந்து வந்தால் முதலில் எதிர்ப்படுவது 'ஹிந்து' காரியாலயம். 1878-ஆம் வருஷம் முத்துசாமி ஐயரை ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமித்தபோது, ஓர் இந்தியருக்கு இவ்வளவு பெரிய உத்தியோகமா என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் முகம் சுளித்தன. அதற்குப் பதில் சொல்லக் கிளம்பிய ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1883-ல் இந்தச் சாலைக்கு வந்த பத்திரிகை, 1939-ல் இப்போதுள்ள கட்டடத்தில் குடிபுகுந்தது.

அன்று காலை நான் வாங்கியிருந்த தினசரி எது என்று சொல்லப்போவதில்லை. முதற் பக்கம் முழுவதும் ஓர் அடுக்குமாடி வீட்டு வியாபாரியின் விளம்பரம்! அதைப் புரட்டினால் இன்னொரு முதற் பக்கம். அதில் ஒரு நகைக்கடை. உலகம் எங்கே என்று தேடினேன். மூன்றாவது தாளில் அகப்பட்டது. "அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் உண்டா?" என்று பெருமூச்சு விடும் பெரியவர்களுக்கு ஒரு விஷயம். 1958 ஜனவரி வரையில் 'ஹிந்து'வின் முதற் பக்கம் விளம்பரத்துக்கே உரியதாக இருந்தது. செய்திதான் பிறகு வந்து இடம் பிடித்துக்கொண்டது. பழைய குடித்தனக்காரர் இப்போது திரும்பி வந்திருக்கிறார், அவ்வளவே.

சற்று அப்பால் விக்டரி ஹவுஸ். ஒரு காலத்தில் இது வொயிட்அவே லெய்ட்லா என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் கடை. ரொக்கம் இல்லாமல் ஒரு குண்டூசிகூடக் கொடாத ஸ்தாபனம் அது. பிறகு அதே கட்டடத்துக்குச் 'சுதேசமித்திரன்' வந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் ஆரம்பித்த தமிழ்ப் பத்திரிகை. பாரதியார் உதவியாசிரியராக இருந்த பத்திரிகை. சீமைச் சரக்கு விற்ற மாளிகையில் சுதேசியம் அச்சாயிற்று என்றால் யாருக்குத்தான் பூரிப்பு உண்டாகாது? ஆனால் மித்திரன் 1985-ல் நின்றுபோயிற்று. கட்டடம் வி.ஜி.பி. நிறுவனத்தார் கைக்கு மாறியது. அவர்கள் புகழ் பெற்றதோ தவணை வியாபாரத்தில். ரொக்கக் கடை, தேசியப் பத்திரிகை, தவணைக் கடை! இவற்றுள் நடுவிலே வந்ததற்கு மட்டும் சந்தாதாரர்கள் போதவில்லை.

ஸ்பென்ஸர் முனையில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. சிப்பாய்களைக் கொன்று குவித்த நீல் துரையின் சிலை இந்தப் பக்கத்தில்தான் நின்றது. 1927-ல் அதை எதிர்த்துத் தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை அதைக் காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டது. சிலை போனதற்கு அழுதவரை நான் கண்டதில்லை. 1983-ல் ஸ்பென்ஸர் கடை தீக்கிரையானதற்கு உருகுகிறவர்களை இன்றும் காணலாம்.

இதற்கிடையில் சினிமாக் கொட்டகைகள். ஸபையர் போயிற்று, சாந்தி போயிற்று, 1970-ல் திறந்த தேவி இருக்கிறது. புதுப்படம் வெளியாகும் நாளில் கொட்டகை வாசலிலே ஒலிவாங்கியும் கையுமாக இளைஞர்கள் நிற்கிறார்கள். வெளியே வருகிறவரை மடக்கி, "படம் எப்படி?" என்கிறார்கள். ரசிகர் கதையைச் சொல்வதில்லை. முதல் நாள் வசூல் எத்தனை கோடி என்று சொல்கிறார்! தம் வீட்டு மளிகைக் கணக்கு அவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியுமா என்பது சந்தேகமே.

மேம்பாலத்தருகே வந்துவிட்டோம். 1973-ல் கட்டிய இதற்கும் அண்ணாவின் பெயர்தான். ஜனங்களுக்கு மட்டும் ஜெமினி. ஸ்டூடியோ மறைந்து பல காலமாகியும் பெயர் பாலத்தின் மேல் நிற்கிறது. ஸ்ரீ எஸ். எஸ். வாசன் விளம்பரத் தொழிலில் சம்பாதித்துப் பத்திரிகை வாங்கினார். பத்திரிகையில் சம்பாதித்து ஸ்டூடியோ வாங்கினார். 1928-ல் அவர் 'ஆனந்த விகடன்' பெயரை வாங்கியது எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டெழுத்துக்கு 200 ரூபாய் என்று சொல்வார்கள். பெயர் மலிவுதான், விகடம்தான் விலை உயர்ந்தது. 1987-ல் எம்.எல்.ஏ.யையும் மந்திரியையும் கேலி செய்து வெளியான ஓர் அட்டைப்பட ஹாஸ்யத்துக்காக, அவர் குமாரர் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பவே இரண்டொரு நாளில் விடுவித்தார்கள். பின்னர் ஹைகோர்ட்டு அவருக்கு நஷ்ட ஈடாக 1,000 ரூபாய் அளித்தது.

அது பழங்கதை என்று எண்ணியிருந்தோம். 2025 பிப்ரவரியில், பிரதமரைச் சித்திரித்த ஒரு கேலிப்படத்துக்காக விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச்சில் ஹைகோர்ட்டு, படத்தை எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிடலாம் என்று உத்தரவிட்டது. கோட்டையில் ஆள்வோர் வேறு, தில்லியில் ஆள்வோர் வேறு. சிரிப்பு என்றால் இரு சாராருக்கும் ஒரே மாதிரி புரை ஏறுகிறது. முதற் பக்கத்து அடுக்குமாடி விளம்பரத்துக்காக எவரையும் சிறைக்கு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வீடு குறித்த காலத்தில் கட்டி முடியாவிட்டாலும்கூட.

திரும்பும் வழியில் தபாலாபீஸ் வளாகத்துக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு சிறு பழைய கட்டடம். 1913-ல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இதுதான். ஊமைப் படம் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து நுழைந்த இடம். 1915-லேயே தபால் இலாகா அதை வாங்கிவிட்டது. இப்போது தபால்தலை சேகரிப்போருக்கான நிலையம். தபால் இலாகா 2011 முதல், பணம் கட்டினால் நம் சொந்த முகத்தையே தபால்தலையில் அச்சிட்டுக் கொடுக்கிறது. ஒரு தாளில் பன்னிரண்டு முகம். அவற்றை ஒட்டி அனுப்பக் கடிதம் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரைக் கேட்டேன். "எழுதுவதாவது! சட்டம் போட்டு வீட்டில் மாட்டத்தான் வாங்குகிறார்கள், சார்" என்றார்.