உருக்கு வாளும் ஒட்டு வாளும்

பழைய வாளொன்றின் மேனியில் வரியோடக் கண்டால், உடனே ‘டமாஸ்கஸ் வாள்’ என்று உரைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வரிகள் இருவகைப் பிறப்பின. மூசையில் உருகிப் பிறந்தவை ஒருவகை. சம்மட்டியால் ஒட்டப் பிறந்தவை மற்றொருவகை.

முன்னது நம் மண்ணின் உருக்கு. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் என்னும் ஆங்கிலேயர் அதன் செய்முறையை 1839இல் எழுதி வெளியிட்டார். தேனிரும்புத் துண்டுகளுடன் காய்ந்த ஆவாரங்குச்சியை மண்மூசையிலிட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்து, துருத்தி ஊதி உருக்குவர். குச்சியும் இலையும் கரியாகி இரும்பினுள் கலக்கும். எம். ரெட்டியபட்டி, திருச்சுழி வட்டாரத்து வறண்ட நிலத்தில் ஆடும் தின்னாது விடும் எருக்கும், வழியோர ஆவாரையுமே உலகம் வியந்த எஃகுக்குக் கரியூட்டின! தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழ்ந்த கொடுமணலிலும் உருக்குத் தொழிலுக்குரிய உலைத்தடயங்கள் கிடைத்தன.

இந்திய எஃகாலான வாளை அரபியர் ‘முஹன்னத்’ என்றனர். கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன் பாடிய கஸீதாவிலும் இச்சொல் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி வாள்களைப் பற்றித் தனிநூலே இயற்றினார். எஃகு இங்கிருந்து சென்றது. புகழோ டமாஸ்கஸ் நகரின் பெயரில் நிலைத்தது.

பின்னது ஒட்டு வாள். இரும்பையும் எஃகையும் தகடுகளாக அடுக்கிக் காய்ச்சி, அடித்து ஒட்டி, மடித்தும் முறுக்கியும் செய்வது. இரும்பினிடையே எஃகு வைத்து அருவாள் வாயடிக்கும் நம் ஊர்ப்பட்டறைத் தொழிலுக்கு இது உறவுமுறை. இன்று ‘டமாஸ்கஸ்’ என விற்கப்படும் கத்திகளில் பெரும்பாலானவை இவ்வகையே.

பிரித்தறிவது எங்ஙனம்? ஒட்டு வாளில் அடுக்குகளின் எல்லை தெரியும். முதுகுப்புறத்தை உருப்பெருக்கியால் நோக்கின் ஒட்டுக்கோடுகள் நீளவாக்கில் ஓடும். முறுக்கியிருப்பின் ஒரே கோலம் கயிறுபோல் திரும்பத் திரும்ப வரும். உருக்கு வாளில் ஒட்டே இல்லை. குளிர்கையில் உள்ளே விளைந்த கரிச்சேர்மத் துகள்கள், அடிக்க அடிக்க நிரைநிரையாய் அமைகின்றன. மென்காடி தடவினால் சுற்றுப்புறம் கருக, இவை வெண்ணிழைகளாய் ஒளிரும். நீரின் சிற்றலைபோல் நெளிந்து, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தோன்றாமல் கலையும். எனினும் முடிந்த தீர்ப்பு நுண்ணோக்கியினுடையதே.

எம் உறவினர் இல்லமொன்றில் தலைமுறைகளாய்ப் போற்றப்படும் வாளை நாம் இவ்வாறு நோக்கினோம். முதுகில் ஒட்டுக்கோடுகள் தெளிவாயிருந்தன. பெரியவர் முகம் வாடிற்று. “ஒட்டியவனும் கலைஞனே, அவன் உழைப்பைப் பிறன் பெயரால் அழைப்பதே அவனுக்கு இழுக்கு” என்றோம். சற்றுநேரம் வாளையே பார்த்திருந்தவர், “அப்படியானால் அவன் பெயரிலேயே இருக்கட்டும்” என்றார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் பழவாள் இருப்பின் செங்கற்பொடியாலும் உப்புத்தாளாலும் தேய்க்காதீர்கள், காடியும் தடவாதீர்கள். அது வல்லுநர் பணி. பளபளப்புக்காக நாம் உரசியெறியும் மெல்லிய மேற்றோலில்தான், பெயரெழுதாது மறைந்த கொல்லனின் கையொப்பம் இருக்கிறது.