கொட்டியாபுரத்துச் சோறு

திருகோணமலையில் சுவாமி மலை உச்சியில் நின்று தெற்கே பார்த்தால், கொட்டியாரக் குடாவின் அக்கரை ஒரு கரும்பச்சைக் கோடாகத் தெரியும். கண்ணுக்கு அது கூப்பிடு தூரம். கால்களுக்கு அப்படியல்ல. சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று குடாவை முழுதாகச் சுற்றித்தான் சம்பூர்க் கரையை அடையலாம். மேற்கே மாவலி கங்கை, தெற்கே அதன் கிளையான வெருகல் ஆறு, கிழக்கே கடல். வரைபடத்தில் தீவு என்று எவரும் எழுதியதில்லை. ஆயினும் பழைய கொட்டியாபுரப் பற்று நீரால் சூழப்பட்ட நிலமே.

ஆனி மாதத்தின் கடைசி வாரத்தில் நாங்கள் அறுவர் அந்த நிலத்துக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வங்கி அலுவலர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பள்ளித் தோழர் ஒருவர், நான். போகும் ஊர்களில் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டையே உண்பது என்பது ஒன்றே எங்களுக்கிருந்த விதி. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தில் மூலையிலிருந்து எடுத்துத் தூசு தட்டிய லுமாலா சைக்கிளை நான் இன்னும் கைவிடவில்லை. அந்த ஆண்டு இந்த நாடே சைக்கிளுக்குத் திரும்பியது. பஞ்சம் தீர்ந்ததும் பலர் மறந்துவிட்டார்கள்.

என் இளமையில் மூதூருக்குத் தரைவழியே போவதென்றால் நான்கு துறைகளைக் கடக்க வேண்டும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி. ஒவ்வொரு துறையிலும் படகுப் பாதைக்காகக் காத்திருப்பு. காத்திருப்பவருக்குப் பசிக்கும். ஆகவே ஒவ்வொரு துறையிலும் தேநீர்க் கடையும் அவித்த கடலையும் பொரித்த மீனும் இருந்தன. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் ஏனைய துறைகளும் பாலங்களாயின. நோயாளியும் கர்ப்பிணியும் நள்ளிரவிலும் ஆறு கடக்க முடிந்தது. அந்த நன்மைக்கு ஈடில்லை. ஆனால் துறைகளோடு சேர்ந்து துறைக் கடைகளும் போயின. இன்று வாகனத்தில் செல்பவருக்கு இறால்குழி ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

பாலம் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் வேலை முடியாதிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று காலை, பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளை ஏற்றிய படகுப் பாதை களப்பில் கவிழ்ந்தது. சிறுவர்கள் உட்படப் பல உயிர்கள் போயின. கிண்ணியாவில் எங்களுக்கு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் பரிமாறிய கடைக்காரர், நாங்கள் கேட்காமலே அந்த இடத்தின் திசையைக் கையால் காட்டினார். பிறகு, "இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேசினார்.

ஒன்பது மணிக்குமேல் கச்சான் காற்று எழுந்தது. அனலும் புழுதியுமாக முகத்தில் அறையும் அந்தக் காற்றை எதிர்த்து மிதிப்பவருக்குத் தயிரின் அருமை புரியும். மூதூரில் சட்டியோடு வாங்கிய எருமைத் தயிர், கத்தியால் வெட்டும் பதத்தில் இருந்தது. தெருவோரத்தில் ஒரு சிறுவன் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தான். உதடுகளில் பால் பிசின்போல ஒட்டும் அந்தச் சிறிய மஞ்சள் பழத்தை ரொறன்ரோ நண்பர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் தின்றார். எதுவும் பேசவில்லை. இன்னொரு சுண்டு வாங்கினார்.

இந்தக் கரையில் விருந்தாளியாக உண்பது பற்றி ஒரு பழங்கதை உண்டு. பாய்மரம் பழுதுபார்க்க வந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்சையும் மாலுமிகளையும் 1660இல் கண்டி மன்னனின் ஆட்கள் கொட்டியாரத்தில் பிடித்துச் சென்றார்கள். உள்நாட்டுக் கிராமங்களில் அவர்கள் பிரித்துவைக்கப்பட்டார்கள். ஊர் வீடுகள் முறைவைத்து அவர்களுக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்பது அரச கட்டளை. பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச்சென்ற நொக்ஸ் 1681இல் எழுதி வெளியிட்ட நூலால் இலங்கையின் உள்நாட்டு வாழ்க்கை ஐரோப்பிய வாசகருக்கு விரிவாக அறிமுகமாயிற்று. கைதிக்குச் சோறு போட்ட வீட்டுக்காரியின் பெயர் எதுவும் உலகுக்குத் தெரியாது.

மூதூரைத் தாண்டி, கட்டைபறிச்சான், சேனையூர் வழியாகச் சம்பூர்ப் பக்கம் திரும்பினோம். அங்கே ஊர்ப் பெயர்களே உணவுப் பட்டியல்போல இருக்கின்றன. கூனித்தீவு, சூடைக்குடா. கூனி என்பது நகக்கண் அளவுகூட இல்லாத சின்ன இறால். சூடை, ஏழைகளின் மீன். பெயர் வந்த வழியை ஆய்வாளர்கள் எப்படிச் சொன்னாலும், பசித்த ஆறு பேருக்கு அன்று வேறு பொருள் தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாடு ஆசிரியரின் தூரத்து உறவினரான ஓர் அக்காவின் வீட்டில். சிவப்பரிசிச் சோறு, சூடைமீன் குழம்பு, கூனி போட்ட முருங்கையிலைச் சுண்டல், கத்தரிக்காய்ப் பால்கறி. சுண்டலை நான் புகழ்ந்தபோது அக்கா முற்றத்து முருங்கையைக் காட்டினார்.

"திரும்பி வந்து முதல் வைச்ச மரம், தம்பி. வீடு பிறகுதான்."

2006இல் போர் மீண்டும் மூண்டபோது சம்பூர் மக்கள் கையில் அகப்பட்டதோடு தெற்கே ஓடினார்கள். வாகரை, மட்டக்களப்பு, பின்னர் கிளிவெட்டி முதலிய இடைத்தங்கல் முகாம்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு நடந்தார்கள். அதே நாட்களில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மூதூர் மக்கள் சில வாரங்களில் திரும்ப முடிந்தது. சம்பூர் மக்களுக்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். அவர்களுடைய காணி முதலீட்டு வலயத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கடற்படை முகாமுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2015இலும் 2016இலுந்தான் பெரும்பகுதி மீண்டது. அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதன் பெயரிலிருந்த நிலத்தில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடந்தது.

இவற்றையெல்லாம் அந்தந்த ஆண்டுகளில் நான் செய்திகளாகத் தொகுத்திருக்கிறேன். குடும்பங்கள் இத்தனை, ஏக்கர் இத்தனை. அக்காவின் கணக்கு வேறு வகையானது. முகாமில் ஒன்பது ஆண்டுகள் நிவாரண அரிசியும் பருப்பும் கோதுமை மாவும் வந்தன, பட்டினி கிடக்கவில்லை. "ஆனா, தம்பி, ஒருத்தரையும் சாப்பிட வா எண்டு கூப்பிடேல்ல. பங்கீட்டுச் சோத்துக்கு ஆரைக் கூப்பிடுறது?" என்றார். திரும்பி வந்தபோது வளவில் கிணறு மட்டும் இருந்ததாம். வீடு இருந்த இடத்தை அந்தக் கிணற்றை வைத்துத்தான் அளந்து கண்டார்களாம். முருங்கை காய்த்த ஆண்டில் முதல்முறையாக அயலவரைச் சோற்றுக்கு அழைத்தார்.

புறப்படும்போது ரொறன்ரோ நண்பர் பணத்தாள்களை எடுத்தார். அக்கா கையைப் பின்னே கட்டிக்கொண்டார்.

"காசு தந்தா நான் கடைக்காரி ஆயிடுவன். கடை போட்டாச் சொல்லுறன், அப்ப தாங்கோ."

அன்றிரவு மூதூரில் தங்கிய இடத்தில் எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. புலம்பெயர்ந்தவர்களுக்காக இதையே ஆண்டுதோறும் கட்டணப் பயணமாக நடத்தலாம் என்றார் நண்பர். ஊருக்கு வருமானம் கிடைக்கும் என்று ஆசிரியர் ஒத்துக்கொண்டார். வங்கி அலுவலர் மறுத்தார். இழந்தவர்களின் அடுப்படியைக் காட்சிப்பொருளாக்குவது அது என்பது அவர் கருத்து. எனக்கு இரண்டுமே முழுதாகச் சரியென்று படவில்லை. வருமானம் வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. கடையையும் வீட்டையும் கலக்காதே என்றுதான் சொன்னார். ஒன்பது ஆண்டுகள் வாங்கி உண்ட ஒருவருக்கு, கொடுக்கும் இடத்தில் மீண்டும் நிற்பது வீடு திரும்பியதற்குச் சமம். அதற்கு விலை பேசினால் அவரை மறுபடி பங்கீட்டு வரிசைக்கே அனுப்பிவிடுகிறோம்.

மறுநாள் அதிகாலை, காற்று எழுமுன், மாணவர் இருவரும் சம்பூர்ப் பக்கம் மீண்டும் போய்வந்தார்கள். அக்காவிடமும் அயல் வீடுகளிலும் முட்டை, புழுக்கொடியல், காய்ந்த கூனி ஆகியவற்றைச் சந்தை விலைக்கு வாங்கி வந்தார்கள். விற்றபோது அக்கா ஒரு ரூபாயும் குறைக்கவில்லையாம். கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். ஆசிரியர் தமது பங்கு கூனியை நிறுத்துப் பார்த்துவிட்டு, நிறையும் சரி என்றார்.

வெளிநாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் திருகோணமலைக்கு வந்தால், நிலாவெளியோடும் கோணேசரோடும் திரும்பிவிடாதீர்கள். ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். ஆனி மாதத்தில் வந்தால் காலை ஒன்பது மணிக்குள் கங்கையைத் தாண்டிவிடுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்குங்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போய், வயிறாரச் சாப்பிட்டு, உங்கள் வீட்டுக்கு அவர்களையும் அழையுங்கள். அக்காவை நான் அழைத்திருக்கிறேன். ஆவணியில் கோணேசர் கோயிலுக்கு வரும்போது வருவதாகச் சொன்னார். மீன் வேண்டாம், அன்றைக்கு மரக்கறிதான் என்றும் சொல்லியிருக்கிறார்.