மருந்துக்கடைக்கும் ஐந்தொகை வேண்டும்

நெற்குப்பை நகரத்தார் ஊர். இந்தச் செட்டிநாட்டுச் சீமையிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போய் லேவாதேவி நடத்தியவர்களில் பலர், தாம் ஊரில் இருந்துகொண்டு கடையை ஏஜெண்டிடம் ஒப்படைத்தார்கள். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற பணியாளர்கள். கணக்கும், இருப்புநிலை காட்டும் ஐந்தொகையும் தவறாமல் ஊருக்கு வந்து சேரும். இப்பகுதியின் சிறு மருந்துக்கடைகளைப் பார்க்கும்போது, அந்தக் கட்டுப்பாடு இங்கே இன்னும் அதிகமாகத் தேவை என்றே எனக்குத் தோன்றுகிறது. பணம் தூங்கினால் வட்டிதான் போகும். மருந்து தூங்கினால் முதலே போய்விடும். விலைக்கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு, 2013ஆம் ஆண்டு ஆணைப்படி கடைக்காரருக்குக் கணக்கிடப்படும் லாபம் 16 சதவீதம். நூறு ரூபாய்க்கு வாங்கிய ஓர் அட்டை காலாவதியானால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அதேபோல் ஏழு அட்டை விற்றாக வேண்டும்.

மருந்துக்கடை வேலையின் நுட்பம் சின்னச் சின்னக் காரியங்களில் இருக்கிறது. பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் கேட்பவருக்குக் கத்தரிக்கும்போது, தேர்ந்த கை பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான முனையைக் கடைசிவரை கடையிலேயே வைத்துக்கொள்ளும். அந்த முனை போய்விட்டால் மீதி ஆறும் அடையாளம் தெரியாத மாத்திரைகள். முந்திக் காலாவதியாகும் சரக்கு முன்வரிசையில். காலாவதியானது, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதிய தனிப்பெட்டியில். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்1 பட்டியல் மருந்துகளை விற்றால், மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். காசநோய் மருந்துகளும் வீரியமான ஆன்டிபயாடிக்குகளும் அந்தப் பட்டியலில் இருப்பதால், அதில் விடுபடும் ஒரு வரி ஊரின் நலத்தையே தொடும்.

இரண்டே பேர் நிற்கும் கடைக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு, கம்ப்யூட்டர் பில் போதாதா என்று கேட்கலாம். பில் போட்டது மட்டுமே கம்ப்யூட்டருக்குத் தெரியும். பில் போடாமல் போனதும், உடைந்ததும், வேறு பெட்டியில் கலந்ததும் கையால் எண்ணினால்தான் தெரியவரும். கூடவே இருப்பவரைச் சந்தேகப்படுவதா என்ற கேள்வி இன்னும் கனமானது. ஏஜெண்டும் நம்பிக்கைக்குரியவர்தான், ஆனாலும் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். கணக்கில்லாத கடையில் சரக்குக் குறைந்தால் பழி சம்பளத்துக்கு நிற்பவர் மேல்தான் முதலில் விழும். நாளெல்லாம் கால்கடுக்க நிற்கும் அந்த உதவியாளரின் நேர்மைக்கு ஏடுதான் சாட்சி.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாரம் ஒருமுறை, விலை கூடிய பத்து மருந்துகளை, கொள்முதல் செய்யாத ஆள் எண்ணட்டும். பதிவு பெற்ற மருந்தாளுநர் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் சரக்கைத் தனியே குறித்து, மொத்த வியாபாரியிடம் திருப்பிவிட முதலாளி முயலட்டும். கணக்கில் பேர்பெற்ற செட்டிநாட்டுக் கடைக்காரர்கள் இதை வரும் வாரமே தொடங்க வேண்டும்.