ஜமீன்தார் நடை

முதல்லயே சொல்லிடறேன், இது எலிக் கதை. எலின்னாலே உவ்வேன்னு ஓடறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். எங்கம்மாவும் அப்படித்தான் ஓடினாங்க. அப்புறம் திரும்பி வந்தாங்க, அது பின்னாடி வருது.

2018 டிசம்பர்ல பொண்ணு பொறந்த நாளுக்கு நாய்க்குட்டி வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ல நாயாவது ஒண்ணாவதுன்னு தங்கமணி மறுத்துட்டாங்க. நாய், பூனை, முயல்னு பேரம் இறங்கி இறங்கி கடைசியில வந்து நின்ன இடம் கினி பிக். பேர்லதான் பிக். பன்னியும் கிடையாது, கினி நாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமும் கிடையாது. பூர்வீகம் தென் அமெரிக்காவுல ஆண்டீஸ் மலைப்பக்கம். பெரு நாட்டுல இன்னிக்கும் பொரிச்சு சாப்பிடறாங்களாம். இந்தத் தகவலை பொண்ணுகிட்ட சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கிட்டது தனி.

வெள்ளையும் பழுப்புமா, உள்ளங்கையில அடங்கற சைஸ்ல ஒண்ணு வந்து சேர்ந்தது. லட்டுன்னு பேர் வெச்சா. கடைக்காரர் கூடவே ஒரு பை முயல் தீவனத்தையும் தலையில கட்டினார். "எல்லாம் ஒண்ணுதான் சார், முயல் திங்கறதை இதுவும் திங்கும்." வாஸ்தவம்தான், தின்னுச்சு.

அம்மா ஊர்லேர்ந்து வந்து பாத்துட்டு, "பெருச்சாளியைக் காசு குடுத்து வாங்கின வம்சம் நம்மளுதுதாண்டா"ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சுட்டாங்க. பிள்ளையார் வாகனம்மான்னு சமாளிச்சுப் பாத்தேன். "அப்ப கோயில்ல கொண்டு போய் விடு"ன்னு பதில் வந்தது.

முதல் நாலஞ்சு மாசம் ஐயா ராஜாதான். தங்கமணி கீரை ஆயும்போது தண்டெல்லாம் அவனுக்கு, கொத்தமல்லிக் காம்பு அவனுக்கு. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கற சத்தம் கேட்டாப் போதும், ஹால்லேர்ந்து "வீக் வீக் வீக்"னு விசில் பறக்கும். சந்தோஷம் தாங்காம நின்ன இடத்துலேர்ந்தே சோளப்பொரி மாதிரி எகிறுவான்.

அப்புறம் வந்தது 2019 கோடை. அந்த வருஷம் சென்னையில இருந்தவங்களுக்கு நான் எதுவும் ஞாபகப்படுத்த வேண்டாம். புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு வெடிச்சுக் கிடந்தது. எங்க அபார்ட்மெண்ட் போர்ல காத்துதான் வந்தது. லாரி வந்தா குடம், வரலைன்னா கேன். அதுல முதல்ல அடிபட்டது கீரை. ஒரு கட்டு கீரையை மண்ணு போக மூணு தண்ணியில அலசணும், குடிக்கவே தண்ணியைக் காணோம், கீரை என்ன கீரைன்னு மே மாச ஆரம்பத்துலயே நிறுத்திட்டோம். கொத்தமல்லியும் அதே கதி. லட்டுவுக்கு முயல் தீவனம் இருக்கு, ஒரு துண்டு வெள்ளரிக்கா இருக்கு, என்னிக்காவது கேரட். வயிறு நிறைஞ்சா சரின்னு விட்டோம்.

மே கடைசியில அவன் ரொம்ப சோம்பேறி ஆயிட்டான். ஒரே மூலையில கிடப்பான். விசில் கிடையாது. சரி, நாப்பது டிகிரி வெயில்ல நாமளே ஃபேனுக்கு அடியில சுருண்டுதானே கிடக்கோம்னு நினைச்சுக்கிட்டோம். கிண்ணம் ரெண்டடி தள்ளி இருந்தாலும் யோசிச்சு யோசிச்சு, பின்னங்காலை இழுத்து இழுத்து, ஒரு அடி வெச்சு ரெஸ்ட் எடுத்து... பாக்க அப்படியே பழைய பட ஜமீன்தார் மாதிரி இருக்கும். லட்டு போய் பேரே ஜமீன்தார்னு ஆயிடுச்சு. அந்த நடையை நான் பதினாலு செகண்ட் வீடியோ எடுத்து, "ஐயா பண்ணை வீட்டைச் சுத்திப் பாக்க கிளம்பிட்டாரு"ன்னு வாய்ஸ் குடுத்து, குடும்ப வாட்ஸாப் குரூப்ல போட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கற பொம்மையா வந்து குவிஞ்சது.

ஜூன்ல ஸ்கூல் திறந்து ரெண்டாவது வாரமே பொண்ணுக்கு சயின்ஸ் டெஸ்ட். நான்தான் கேள்வி கேட்டேன். வைட்டமின் அட்டவணை. நாமளும் படிச்சதுதான்.

"ஏ?"

"மாலைக்கண்."

"சி?"

"ஸ்கர்வி. ஈறில் ரத்தம் கசிதல். நெல்லிக்காய், கொய்யா, ஆரஞ்சு, பச்சைக் காய்கறிகள்."

"டி?"

"ரிக்கெட்ஸ்."

நாலுக்கு நாலு. டேபிளுக்கு அடியில அவளோட காலுக்குப் பக்கத்துல ஜமீன்தார் படுத்திருந்தார்.

ரெண்டு நாள்ல கிண்ணத்துல போட்டது போட்டபடி கிடந்தது. பக்கத்துல இருக்கற நாய் பூனை பாக்கற டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். வயித்துல ஏதோ இன்ஃபெக்‌ஷனா இருக்கும்னு ஆண்டிபயாடிக் சிரப் எழுதினார். நாலு வேளை குடுத்தோம். இருந்த கொஞ்ச நஞ்சமும் நின்னுபோய், பந்து மாதிரி சுருண்டுக்கிட்டான். முடியெல்லாம் சிலிர்த்து நிக்குது. தொட்டா ஒரு சத்தம், விசில் இல்ல, கீச்சுன்னு வேற ஒண்ணு. அவரைக் குத்தம் சொல்லி என்ன, அவர் பாத்ததெல்லாம் லாப்ரடார். ஆறு மாசமா வீட்டுல வெச்சிருந்த நானே இவனைப் பத்தி ஒரு பக்கம் படிக்கல.

ஆபீஸ்ல ஒருத்தர், கிளி, ஆமை, முயல் எல்லாம் பாக்கற ஒரு லேடி டாக்டர் இருக்காங்கன்னு சொல்ல, ஜூன் 15, சனிக்கிழமை, கூடையில டர்க்கி டவல் விரிச்சு மூணு பேருமா போனோம். அவங்க முதல்ல எடை போட்டாங்க. 640 கிராம். இந்த உடம்புக்கு 900 பக்கம் இருக்கணும்னாங்க. பின்னங்கால் முட்டியில விரலை லேசா வெச்சதுமே கத்தினான். வாயைத் திறந்து பாத்தாங்க.

"சாப்பாடு என்ன குடுக்கறீங்க?"

முயல் தீவனம், வெள்ளரிக்கா, கேரட்டுன்னு நான் கொஞ்சம் பெருமையாவே ஒப்பிச்சேன்.

"பச்சையா எதுவும்?"

"இப்ப தண்ணிக் கஷ்டம் மேடம், அதான்..."

"முயல் தன் உடம்புலயே வைட்டமின் சி செஞ்சுக்கும் சார். எலி, நாய், பூனை எல்லாமே செஞ்சுக்கும். அதனால முயல் தீவனத்துல அதைப் போட மாட்டாங்க. இதுக்கு செஞ்சுக்கத் தெரியாது. நம்மள மாதிரி. இது ஸ்கர்வி. மூட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்சு வீங்கியிருக்கு. நடக்கவே வலிக்கும்."

பொண்ணு என் முகத்தைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல.

அந்த சிரப் பாட்டிலை வாங்கிப் பாத்துட்டு உடனே நிறுத்தச் சொன்னாங்க. பென்சிலின் வகை. அதை வாய் வழியா குடுத்தா இதோட குடல்ல இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்து, ஆளே போயிடுமாம். வலிக்கு மருந்தும் வைட்டமின் ஊசியும் போட்டுட்டு, "இனிமே ஊசி இல்ல சார் முக்கியம், வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும். இது பட்டினி கிடந்தா ஒரு நாள்ல குடல் நின்னுடும். ராத்திரியும் எழுந்து ஊட்டணும்"னாங்க. பிழைக்குமான்னு கேட்டேன். ஒரு வாரம் பாக்கலாம்னாங்க.

தீவனத்தை ஊறவெச்சு மிக்ஸியில கூழா அடிச்சு, ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சுல ஒரு வேளைக்கு பத்து மில்லி, நாலு மணிக்கு ஒரு தடவை. எழுத ஒரு வரி. செஞ்சு பாருங்க தெரியும். முதல் நாள் பாதி என் சட்டையில, மீதி தங்கமணி நைட்டியில. வாயை இறுக்கி மூடிக்கிட்டு கண்ணை உருட்டிப் பாக்கறான். பொண்ணு டவல்ல சுத்தி மடியில வெச்சுப்பா. அவ கைக்குள்ள அவனோட நெஞ்சு படபடன்னு அடிக்கறதை எதிர்ல உக்காந்திருக்கற நான் டவலுக்கு மேலயே பாக்கலாம்.

மூணாவது நாள் எங்க நிலைமையை ஃபோன்ல கேட்டுட்டு அம்மா கிளம்பி வந்துட்டாங்க. வந்தவங்க தூர நின்னு ஒரு வேளை ஊட்டறதைப் பாத்தாங்க. அதுக்கு மேல பொறுக்கல. "டேய், தலையை அண்ணாத்தாத. புரை ஏறிடும். பாலாடையில ஊத்தற மாதிரி கடவாய் ஓரமா விடு. முழுங்கினானான்னு பாத்துட்டு அடுத்தது விடு. அவசரப்படாத." டாக்டர் சொன்னதும் அதேதான். முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் நடுவுல இவங்களுக்கு ஒரு இடைவெளி இருக்கு, அது வழியா ஓரமா விடணும். ஆனா டாக்டர் சொன்னப்ப என் கைக்கு ஏறாதது அம்மா திட்டினப்ப ஏறிடுச்சு. அம்மா கடைசி வரைக்கும் அவனைத் தொடவே இல்ல, அதையும் சொல்லிடணும். பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து மேற்பார்வை மட்டும்.

ராத்திரி ஷிஃப்ட் எனக்கு. அந்த மாசம் லாரி ஒண்ணரை மணிக்குத்தான் வரும். மூணு மாடி குடம் தூக்கிட்டு, வியர்வையைத் துடைச்சுட்டு, அப்படியே ரெண்டு மணி வேளைக்கு உக்காந்துடுவேன். ஊட்டி முடிச்சா தூக்கம் வராது, ஃபோனை நோண்டுவேன். அப்ப படிச்சதுதான் இது. 1907ல நார்வேயில ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக்னு ரெண்டு பேர் கப்பல்காரங்களுக்கு வர்ற பெரிபெரியை ஆராயறதுக்காக கினி பிக்குகளுக்கு வெறும் தானியமா போட்டுப் பாத்திருக்காங்க. வந்தது பெரிபெரி இல்ல, ஸ்கர்வி. மனுஷனைத் தவிர வேற பிராணிக்கும் அது வரும்னு அப்பத்தான் உறுதியாச்சு. வைட்டமின் சியைக் கண்டுபிடிக்க வழி விட்டதே இந்த ஜாதிதான். நூத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு நான் அதே சோதனையை வீட்டு ஹால்ல திரும்பப் பண்ணி முடிச்சிருக்கேன். அந்த நேரத்துல சிரிப்பு வரல.

பொண்ணு ரஃப் நோட்டுல ஒரு பக்கம் ஆரம்பிச்சா. தேதி, எடை, புழுக்கை எண்ணிக்கை. 640, 636, 629. தங்கமணியோட சமையல் தராசு இதுக்கே நேந்து விட்டாச்சு. எடை இறங்கற அன்னிக்கு வீட்டுல யாரும் டிவி போடறதில்ல. புழுக்கைதான் பெரிய நியூஸ். வயிறு ஓடுதுன்னு அர்த்தமாச்சே. ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல தங்கமணிகிட்டேர்ந்து "11"னு மட்டும் மெசேஜ் வரும், நான் பல்லைக் காட்டுவேன், மேனேஜர் முறைப்பார். ஜூன் 20ஆம் தேதி இத்தனை மாசத்துக்கப்புறம் மழை கொட்டினப்போ அபார்ட்மெண்டே மொட்டை மாடியில ஆட்டம் போட்டது. நாங்க தரையில கவுந்து படுத்து எண்ணிக்கிட்டு இருந்தோம்.

புல்லு எது கிடைச்சாலும் முன்னாடி போட்டு வைங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. சென்னையில அந்த ஜூன்ல புல்லுக்கு எங்க போறது? அம்மாதான் வழி சொன்னாங்க. பிள்ளையார் கோயில் வாசல்ல அருகம்புல். தினம் ரெண்டு கட்டு வாங்கினேன். ஒரு வாரம் பாத்துட்டு பூக்காரம்மா, "பெரிய வேண்டுதலா சார்?"னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். பொய்யும் இல்லையே.

எட்டாவது நாள் சாயங்காலம் பொண்ணு கத்தினா. போய்ப் பாத்தா ஒத்தை அருகம்புல், நுனி வாய்க்குள்ள, மீதி வெளியில. தாடை அசையுது. புல்லு கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகுது, அச்சடிக்கற மெஷின்ல பேப்பர் போற மாதிரி. நறுக் நறுக்குன்னு அந்தச் சத்தம் இருக்கே... சிரிஞ்சைக் கழுவப் போன தங்கமணி குழாயைத் திறந்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. தண்ணி போறதுகூட தெரியல, அந்த ஜூன்ல!

அப்புறம் வேகமா ஏறினான். 652, 670, 705. டாக்டர் எடை பாத்து சொன்ன அளவுல குழந்தைகளுக்கான வைட்டமின் சி சொட்டு மருந்து, நேரா வாயில. தண்ணியில கலந்து வெச்சா சீக்கிரம் வீணாயிடும்னு சொல்லியிருந்தாங்க. அதோட தினம் ஒரு துண்டு குடைமிளகாய். ஜூலை முதல் வாரம் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஹால்லேர்ந்து ரொம்ப சன்னமா, பிசிறடிச்சு, ஒரே ஒரு "வீக்". அம்மாதான் முதல்ல கேட்டாங்க. "கூப்பிடறாண்டா"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி தூங்கப் போகும்போது பொண்ணு கேட்டா. "அப்பா, அப்போ அவனுக்கு வலிச்சுதான் மெதுவா நடந்தான் இல்ல?"

"ஆமாடா."

"நாம சிரிச்சோம்."

இந்த மாதிரி பிராணிங்க வலியை வெளியில காட்டாது, காட்டினா மத்தது புடிச்சுத் தின்னுடும், அதனால அதுங்களுக்கு மறைக்கத்தான் தெரியும், நமக்கெப்படித் தெரியும்னு ராத்திரி படிச்சதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டா. அது தப்பான பதிலும் இல்ல. ஆனா அவ கேட்டது அது இல்லைன்னு எனக்கே தெரிஞ்சுது. அவன்தான் காட்டியிருந்தானே, பதினாலு செகண்ட் முழுக்க. அடுத்த நாள்லேர்ந்து ஜமீன்தார்னு கூப்பிட்டா அவ திரும்ப மாட்டா. "அவன் பேரு லட்டு."

லட்டு 2023 டிசம்பர் வரைக்கும் இருந்தான். பின்னங்கால் ஒண்ணு மட்டும் கடைசி வரை கொஞ்சம் விரைப்புதான். எங்க வீட்டுல அதுக்கப்புறம் கொத்தமல்லி இல்லாத நாள் கிடையாது.

அந்த வீடியோவை அன்னிக்கே ஃபோன்லேர்ந்து அழிச்சுட்டேன். குரூப்ல போனது போனதுதான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெரியப்பா, சித்தப்பா யாராவது தோண்டி எடுத்து, "எங்கப்பா நம்ம ஜமீன்தார்?"னு போடுவாங்க. போன பொங்கலுக்குக்கூட வந்தது. வரிசையா சிரிக்கற பொம்மை. பொண்ணு இப்ப காலேஜ், அவளும் அந்த குரூப்ல இருக்கா. அவ பாத்திருப்பா, ஒண்ணும் போடல.